பிசினும் நாரும்: ஒரு பழுதுபார்ப்புக் கலையின் வரலாறு

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பொதுவாக ஆக்கத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். எப்பொருளை எவர் முதலிற் கண்டார், எந்த ஆலையில் எந்த ஆண்டில் அது செய்யப்பட்டது என்பவை ஏடேறுகின்றன. அப்பொருள் உடைந்தபின் அதனை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொணர்ந்தவர் யார், அவர் கையாண்ட முறை யாது என்பன பெரும்பாலும் எழுதப்படாமற் போகின்றன. ஆயினும், பொருள்களைத் தாமே ஆக்காது பிற நாடுகளிலிருந்து வாங்கிப் பயன்படுத்தும் ஒரு சமுதாயத்தின் தொழில்நுட்ப அறிவைக் காணவேண்டுமாயின், ஆலைகளை விடப் பழுதுபார்க்கும் கொட்டில்களையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும். அங்கேதான் அயலிலிருந்து வந்த பொருள் உள்ளூர்க் கைக்கு வசப்படுகின்றது, அல்லது வசப்படாமலே போகின்றது.

கண்ணாடிநாராலான மோட்டார் வண்டி உடல்களை எப்பொக்சிப் பிசினும் நிரப்புபொருள்களுங் கொண்டு சீர்செய்யும் கலை எவ்வாறு தோன்றியது என்பதையும், அக்கலைக்குரிய பொருள்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டை எவ்வழியால் வந்தடைந்தன என்பதையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு பொருள் ஒரு நாட்டை அடைவதும், அப்பொருளின் இயல்பு பற்றிய விளக்கம் அந்நாட்டு மக்களை அடைவதும் ஒரே காலத்தில் நிகழ்வதில்லை என்பது இவ்வாராய்ச்சியிற் புலப்படும் முக்கியமான உண்மையாகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள காலவெளியில் ஏற்படும் இழப்பைச் சுமப்பவர்கள் தொழிலாளரும் கடலோடிகளுமே.

பழைய மரபு

நாரையும் பிணைபொருளையும் ஒன்றுசேர்த்து ஒன்றுக்கொன்று துணையாக்கும் கருத்து நமக்குப் புதியதன்று. மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைத்த கைகள் இதனை அறிந்திருந்தன. மண் அமுக்கத்தைத் தாங்கும், ஆயின் இழுவையைத் தாங்காது. வைக்கோல் இழுவையைத் தாங்கும், ஆயின் தனித்து உருவெடுத்து நில்லாது. இரண்டும் சேரும்போது இரண்டிலும் இல்லாத ஒரு பண்பு தோன்றுகின்றது. இன்று பொறியியலாளர் கூட்டுப்பொருள் என வழங்குவதன் அடிப்படை இதுவே.

மரக்கலத் தொழிலில் இவ்வறிவு மேலும் நுட்பமாக வளர்ந்தது. பலகைகளின் பொருத்துவாய்களிற் பஞ்சை அல்லது நாரைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசி நீர் புகாது அடைக்கும் தொழிலைக் கலப்பற்று என்னும் சொல்லாற் குறித்தனர். குங்கிலியம் தனியே ஆறினால் நொறுங்கும். எண்ணெயே அதற்கு நெகிழ்ச்சியைத் தருகின்றது. எத்துணை எண்ணெய், எத்துணைச் சூடு, எந்தப் பருவத்தில் எவ்வளவு கட்டி என்பன தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவாகும். 1930இல் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, வேறு பெயர் சூட்டப்பட்டு, 1938இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மசச்சூசெற்சு மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தி பலரும் அறிந்ததே. பெருங்கடல்களைக் கடந்து சென்ற அக்கப்பலைப் போற்றுவோர், அதனைக் கட்டிய தச்சரை நினைப்பதுபோல, அதன் பொருத்துவாய்களை அடைத்தவரையும் நினைத்தல் தகும்.

இம்மரபில் நாம் மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. இங்கே பொருளும் அதன் விளக்கமும் ஒரே இடத்தில், ஒரே மொழியில் இருந்தன. கலப்பற்றுக்காரனுக்குக் குங்கிலியத்தின் இயல்பைக் கூறும் சொற்கள் அவனுடைய தாய்மொழியிலேயே இருந்தன.

ஆய்வுகூடத்திற் பிறந்த பிசின்கள்

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. மரத்திலிருந்து வடிந்த பிசினின் இடத்தை ஆய்வுகூடத்தில் உருவான பிசின் பிடிக்கலாயிற்று. 1907இல் பேக்லண்ட் என்பார் பீனோலையும் போமல்டிகைட்டையும் கொண்டு, ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருகாத செயற்கைப் பிசினை உருவாக்கினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின், 1932இல், அமெரிக்காவில் ஓவன்ஸ் இல்லினோய் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ற் என்னும் இளம் ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, வேகமாக வீசிய காற்றுத் தாரை உருகிய கண்ணாடியை மெல்லிய நார்களாகப் பிரித்தது. எதிர்பாராது நிகழ்ந்த இந்நிகழ்ச்சி கண்ணாடிநாரைப் பெருமளவில் ஆக்குவதற்கு வழிவகுத்தது. 1938இல் இதற்கெனவே ஓவன்ஸ் கோணிங் நிறுவனம் தோற்றம் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கண்ணாடிநாரும் பொலியெஸ்ரர்ப் பிசினும் இணைந்தன. வானூர்திகளின் ராடர்க் கருவிகளை மூடும் கவிகைகள் இவற்றாற் செய்யப்பட்டன. உலோகக் கவிகை வானொலி அலைகளைத் தடுக்கும், இப்புதிய பொருளோ அவற்றைச் செல்லவிடும். 1942இல் ஓகையோ மாநிலத்தில் ரே கிறீன் என்பவர் இதே பொருளாற் சிறுபடகொன்றைக் கட்டினார்.

எப்பொக்சிப் பிசினின் பிறப்பு இதனோடு சமகாலத்தது, ஆயின் வேறிடத்தது. ஜேர்மனியில் போல் ஷிலாக் 1934இல் இதற்கு அடித்தளமான வேதிமுறையொன்றுக்கு உரிமம் கோரினார். சுவிற்சலாந்தில் பல் மருத்துவத்துக்குரிய பொருள்களை ஆக்கிய நிறுவனமொன்றிற் பணிபுரிந்த பியர் கஸ்ரன், செயற்கைப் பல் செய்வதற்கேற்ற பிசினைத் தேடிய முயற்சியில் 1938இல் எப்பொக்சிப் பிசினுக்கு உரிமம் கோரினார். பல் மருத்துவத்தில் அது வெற்றி பெறவில்லை. சீபா நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்று, 1946இல் பாசல் நகரில் நடைபெற்ற தொழிற்கண்காட்சியில் அரல்டைற் என்னும் பெயரில் அதனை ஒட்டுபொருளாக அறிமுகஞ் செய்தது. அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் சில்வன் கிறீன்லி என்பாரும் பூச்சுத் தொழிலுக்காக இதனையொத்த பிசினை உருவாக்கினார். பல்லுக்கெனத் தேடப்பட்ட பொருள் வானூர்திக்கும், படகுக்கும், பின்னர் வீட்டிலுள்ள உடைந்த கோப்பைக்கும் உரியதாயிற்று.

மோட்டார் வண்டியும் கண்ணாடிநாரும்

மோட்டார் வண்டியின் உடலை உருக்குத் தகட்டினாற் செய்வதே பெருவழக்கு. அதற்குப் பெரும் அழுத்த இயந்திரங்களும், ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி உருக்கு அச்சுகளும் வேண்டும். இவற்றின் செலவு மிகப் பெரிதாதலின், ஆண்டுக்குப் பல்லாயிரம் வண்டிகளை விற்பவருக்கே அது கட்டுப்படியாகும். கண்ணாடிநாருக்கு வேண்டிய அச்சையோ மரத்தாலும் சாந்தாலும் கண்ணாடிநாராலுமே செய்துகொள்ளலாம். எனவே சிறுதொகையான வண்டிகளைச் செய்வோர் இப்பொருளை நாடினர். முதலீடு குறைவு, கையுழைப்பு மிகுதி என்பதே இத்தொழிலின் பொருளாதார இயல்பாகும்.

1953இல் ஜெனரல் மோட்டர்சு நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரிற் கோர்வெற் என்னும் வண்டியை வெளியிட்டது. அவ்வாண்டிற் செய்யப்பட்டவை 300 மட்டுமே. உடல் முழுவதும் கண்ணாடிநாரால் ஆனது. இங்கிலாந்தில் றிலையன்ற் நிறுவனம் தன் மூன்று சில்லு வண்டிகளுக்கு 1950களில் இப்பொருளை ஏற்றது. லோட்டசு நிறுவனம் 1957இல் அறிமுகஞ் செய்த எலீற் வண்டியிற் கண்ணாடிநார் உடலே சட்டகமாகவும் அமைந்தது. அதே ஆண்டிற் கிழக்கு ஜேர்மனியில் வெளிவந்த திறபன்ற் வண்டி, பீனோல் பிசினையும் பருத்திக் கழிவையும் கலந்து அழுத்திய உடற்பலகைகளைக் கொண்டிருந்தது. உருக்குத் தகட்டுக்கு நேர்ந்த தட்டுப்பாடே அதற்குக் காரணமாகும். இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த சிப்பானி நிறுவனம், றிலையன்ற் நிறுவனத்தின் கிற்றன் என்னும் வண்டியைத் தழுவி, 1980களின் தொடக்கத்தில் டொல்பின் என்னும் கண்ணாடிநார் வண்டியை விற்பனைக்கு விட்டது. 1983இன் பின் மாருதி வண்டிகள் பெருந்தொகையாக வெளிவர, இச்சிறு முயற்சி போட்டியில் நிலைக்கவில்லை.

இவ்வெடுத்துக்காட்டுகளை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். கண்ணாடிநார் வண்டிகள் பெரும்பாலும் சிறுதொகையின. அவற்றை ஆக்கிய நிறுவனங்களிற் பல மறைந்துவிட்டன. மாற்று உறுப்புக் கடையிற் கிடைக்காதவிடத்து உடைந்ததை ஒட்டி எடுப்பதைத் தவிர உரிமையாளருக்கு வேறு வழியில்லை. ஆகவே இவ்வண்டிகளோடு உடன்பிறந்த கலையாகப் பழுதுபார்த்தல் வளர்ந்தது.

உடைவும் இணைப்பும்

உருக்கு நெளியும், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். நம்மூரில் டிங்கர் வேலை எனப்படும் கலை முழுவதும் இவ்வியல்பின்மீது எழுந்ததே. கண்ணாடிநார் நெளிவதில்லை. அடி விழுந்தால் அது வளைந்து மீளும், அல்லது வெடித்துப் பிளக்கும். மேற்பரப்பில் மயிரளவு கீறலாகத் தோன்றுவதன் அடியில் நாரடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றிருத்தல் கூடும். ஆதலால் இக்கலையின் முதற்படி கண்ணாற் காண்பதன்று, காதாற் கேட்பது. நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ மெல்லத் தட்டிச் செல்லும்போது நல்ல இடம் கணீரென ஒலிக்கும், அடுக்குக் கழன்ற இடம் மந்தமாக ஒலிக்கும்.

அடுத்த படி, சிதைந்த பகுதியை அகற்றி, அதனைச் சுற்றியுள்ள நல்ல பகுதியைச் சரிவாக அராவுதல். தடிப்பின் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு இச்சரிவு அமைதல் நன்று. மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள உடலில் ஓட்டையின் நாற்புறமும் முப்பத்தாறு மில்லிமீற்றர் அகலத்துக்கு அராவவேண்டும். சிறு ஓட்டைக்கு இவ்வளவு பெரிய இடத்தைக் கெடுப்பதா என்று உரிமையாளர் கேட்பது இயல்பு. ஆயின் புதிய அடுக்குக்கும் பழைய உடலுக்கும் இடையே வேதிப்பிணைப்புப் பெரிதும் இல்லை. பழையது என்றோ இறுகி முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒட்டுபரப்பு ஒன்றே. பரப்பு அகலுந்தோறும் விசை பகிரப்படுகின்றது.

எப்பொக்சியின் சிறப்பு இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. பொலியெஸ்ரர் இறுகும்போது கனவளவில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை சுருங்கும், எப்பொக்சியின் சுருக்கம் மிகக் குறைவு. சுருங்கும் பிசின் தான் ஒட்டிய பரப்பிலிருந்து தன்னையே இழுத்துக்கொள்கின்றது. அதனாற் புதிய உடலை வார்ப்பதற்குப் பொலியெஸ்ரர் போதுமாயினும், பழைய உடலோடு புதியதை இணைப்பதற்கு எப்பொக்சியே மேலானதாகும்.

நிரப்புபொருள்களின் பங்கு இதன்பின் வருவது. பிசின் தனியே தண்ணீர் போல வழிந்தோடும். மிக நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேர்த்தால் அது தடித்து, செங்குத்தான பரப்பிலும் வழியாது நிற்கும். நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைச் சேர்த்தால் கலவை பாரங் குறைந்து, தேய்ப்பதற்கு எளிதாகும், ஆயின் வலிமை குறையும். நறுக்கிய நாரையோ பஞ்சுத் தூளையோ சேர்த்தால் வலிமை கூடும், தேய்ப்பது கடினமாகும். கடைகளில் விற்கும் வண்டிப் பட்டி பெரும்பாலும் பொலியெஸ்ரர்ப் பிசினுடன் ரல்க் என்னும் மென்கல்தூளைக் கலந்ததாகும். எந்தத் தூளைச் சேர்க்கின்றோம் என்பது எந்த வேலைக்குச் சேர்க்கின்றோம் என்பதைப் பொறுத்தது. நாரடுக்கு உடலுக்கு உயிர் தருகின்றது, பட்டி அதன் முகத்துக்கு ஒப்பனை தருகின்றது. ஓட்டையைப் பட்டியால் மூடி, தேய்த்து, வர்ணம் பூசிவிட்டால் மறுநாள் எவர் கண்ணுக்கும் குறை தெரியாது. சில மாதங்களின் பின், வண்டியின் அதிர்வினால், பட்டி அப்படியே கழன்று விழும்.

ஒரே தகரம், இரு நியதிகள்

இக்கலையில் நேரும் தவறுகளிற் பல கைத்திறன் குறைவினால் நேர்வன அல்ல. இரு பிசின்களும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதும், அவற்றின் உள்ளியல்பு வேறாயிருப்பதுமே அவற்றுக்குக் காரணம். பொலியெஸ்ரரை இறுகச் செய்வதற்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு பரவொட்சைட்டு சேர்க்கப்படுகின்றது. அது பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதைத் தொடக்கிவைப்பதே. வெயில் மிகுந்தால் அதனைக் குறைக்கலாம், மழைக்காலத்திற் சிறிது கூட்டலாம். அனுபவம் மிக்க தொழிலாளி அளக்காமலே கண்மதிப்பாற் சேர்ப்பதும் உண்டு.

எப்பொக்சியில் வன்மையாக்கி தொடக்கிவைக்கும் பொருளன்று, அமையவிருக்கும் பொருளிற் சரிபாதிப் பொறுப்புடைய கூட்டாளி. பிசினின் ஒவ்வொரு தொகுதிக்கும் வன்மையாக்கியின் அமைன் தொகுதி ஒன்று இணைதல் வேண்டும். செய்தவர் விதித்த விகிதம் இரண்டுக்கு ஒன்றாயினும் ஐந்துக்கு ஒன்றாயினும் அதனை மாற்றுதல் கூடாது. விரைவில் இறுகட்டும் என்று வன்மையாக்கியைக் கூட்டினால், இணை கிடைக்காத மிகுதி இறுகாமலே உள்ளே தங்கி, உடலை மென்மையாக்கி நீரை ஈர்க்கும். பொலியெஸ்ரரிற் பழகிய கை எப்பொக்சியிற் செய்யும் முதற்பிழை இதுவாகும். அக்கைக்கு அனுபவம் உண்டு. ஆனால் அவ்வனுபவம் வேறொரு பொருளினுடையது.

இவ்வாறே பொலியெஸ்ரருக்கென விற்கப்படும் நறுக்குநார்ப் பாயை ஒன்றாகப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்ரரிலுள்ள ஸ்ரைரீனிலேயே கரையும், எப்பொக்சியிற் கரையாது. எனவே எப்பொக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியே ஏற்றது. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியசு உயருந்தோறும் கலவை கையாளத்தக்க நிலையிலிருக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். இருபது பாகையைக் கருதித் தகரத்தில் அச்சிட்ட நேரம் பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. ஒரே பாத்திரத்தில் மிகுதியாகக் கலந்து வைத்தால் அது தானே சூடேறிப் புகைக்கும். பரவொட்சைட்டையும் கோபாற்று முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கவுங் கூடும். எப்பொக்சி வன்மையாக்கி தோலிற் பட்டுப்பட்டு ஒவ்வாமையாக மாறினால் அத்தொழிலையே கைவிட நேரும். கையிற் படிந்த பிசினைத் தின்னரால் துடைப்பது அதனைத் தோலினுட் செலுத்துவதாகவே முடியும். இவை யாவும் அறியத்தக்கவை, அறிந்தால் தவிர்க்கத்தக்கவை. அறிவிக்கப்பட்டனவா என்பதே வினா.

யாழ்ப்பாணக் கரை

யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடியவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய உருக்குடல் வண்டிகளே. கண்ணாடிநார் இங்கே பெருமளவில் வந்தது வீதிவழியாகவன்று, கடல்வழியாக. 1950களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு இலங்கையின் மீன்பிடிக் கலங்களுக்கு இயந்திரம் பொருத்தும் முயற்சிகள் தொடங்கின. 1950களின் இறுதியில் மூன்றரைத் தொன் படகுகள் அறிமுகமாயின. பின்னர், வெளியிணைப்பு இயந்திரம் பொருத்திய, ஏறத்தாழப் பதினெட்டடி நீளமான கண்ணாடிநார்ப் படகுகள் பரவின. மக்கள் அவற்றைப் பைபர் படகு என்றனர்.

இவ்வரலாற்றிற் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்களுக்குத் தனியிடம் உண்டு. 1956இல் நோர்வேக்குச் சென்ற அவர், அந்நாட்டு நண்பர்களின் துணையோடு 1967இல் சீநோர் நிறுவனம் அமைவதற்குக் காரணராயினார். குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரிற் படகு கட்டும் தளமும் அதன் முயற்சியால் எழுந்தன. மரத்தைச் செதுக்கிப் பலகை பொருத்திய கரையில், அச்சின்மீது மெழுகு பூசி, நார்ப்பாயை விரித்து, பிசினைத் தூரிகையால் ஊறவைக்கும் புதிய தொழில் வேரூன்றியது.

அதன்பின் வந்த ஆண்டுகள் பழுதுபார்ப்போரின் ஆண்டுகள். 1990 முதல் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் உதிரி உறுப்புகளும் அரிதாயின. சில துளி பெற்றோலால் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடவைத்த பழைய ஒஸ்ரின் வண்டிகளை அக்கால மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலுக்குச் செல்வதற்கும் தடைகள் இருந்தன. புதியதை வாங்க இயலாதவிடத்து, உள்ளதைக் காப்பாற்றுவதே உற்பத்தியாயிற்று. அக்காலத்தை எழுதும் வரலாற்றாசிரியர் போரையும் அரசியலையும் எழுதுவது இயல்பே. ஆயினும் அன்றாட வாழ்வு எவ்வாறு தொடர்ந்தது என்னும் வினாவுக்கு விடை கராச்சுகளிலும் வாடிகளிலுமே உள்ளது.

2002இல் போர்நிறுத்தமும் ஏ9 வீதித் திறப்பும் பொருள்களின் வரவை எளிதாக்கின. 2004 மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையைத் தாக்கியது. இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தன அல்லது சேதமுற்றன. உதவி நிறுவனங்கள் விரைந்து படகுகளை வழங்கின. அவ்விரைவிற் கட்டப்பட்ட கண்ணாடிநார்ப் படகுகளிற் சில தரங்குறைந்தவை என்பது பின்னர்த் தெரியவந்தது. நாரடுக்குக் குறைந்த மெல்லிய உடலும், பிசின் ஊறாத வறண்ட நாரும் வர்ணத்தின்கீழ்க் கண்ணுக்குத் தெரிவதில்லை. பட்டி பூசிய வண்டிக்கும் இத்தகைய படகுக்கும் உள்ள உறவை வாசகர் எளிதில் உணர்வர். வீதியிற் பட்டி கழன்றால் உரிமையாளருக்குப் பணநட்டம். கரையிலிருந்து பல மைல் தொலைவிற் படகின் உடல் பிளந்தால் நேர்வது உயிர்நட்டம்.

சொல்லும் பொருளும்

கண்ணாடிநாரும் எப்பொக்சியும் நம்மிடம் வந்தபோது தகரங்களில் வந்தன. தகரத்தின் மேல் அச்சிட்ட அறிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. செய்முறையைக் கண்டு பழகினோர் அதனைக் கைவழியாகக் கற்றனர். விகிதம் ஏன், துணி ஏன், சரிவு ஏன் என்னும் விளக்கம் அவர்களை முழுமையாக அடைந்தது என்று சொல்வதற்கில்லை. கலப்பற்றுக்காரனுக்குத் தன் பிசினைப்பற்றித் தன் மொழியிற் சொல்ல முடிந்தது. அவனுடைய பேரன் கையிலுள்ள பிசினுக்கோ ஹாட்னர், கற்றலிஸ்ற் என்னும் இரு பெயர்கள் உண்டு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறாகப் புழங்கும்போது மறைவது ஒரு சொல்வேறுபாடு மட்டுமன்று. தொடக்கிவைப்பதற்கும் கூட்டாளியாவதற்கும் இடையிலுள்ள மேற்கூறிய வேறுபாடே மறைகின்றது.

இது தவிர்க்க முடியாத நிலையன்று என்பதற்கு நம் வரலாறே சான்று. அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியை வளர்த்து, 1860களில் அதனைத் தமிழ்மொழியிலேயே புகட்டும் நிலைக்குக் கொணர்ந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய நூல்களுள் வேதியியல் பற்றிய கெமிஸ்தம் 1875இல் வெளிவந்தது. எப்பொக்சிப் பிசின் தோன்றுவதற்கு ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு முன்னரே வேதியியலைத் தமிழிற் சொல்ல முயன்ற மண் இது. சொற்கள் எல்லாம் நிலைத்தன என்பதற்கில்லை. சொல்ல முடியும் என்னும் துணிவு நிலைபெற்றது. அத்துணிவு மருத்துவத்தோடும் பாடநூல்களோடும் நின்று, கராச்சின் வாசலையும் படகுத்தளத்தையும் எட்டவில்லை. உயர்கல்வி கற்றோர் கையுழைப்பைத் தாழ்வாகக் கருதிய சமுதாய மனநிலைக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறுத்தல் இயலாது. எழுதத் தெரிந்தவர் பிசினைத் தொடவில்லை. பிசினைத் தொட்டவரை எவரும் எழுதும்படி கேட்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் பற்றிய அடிப்படை அறிவு நம் கரையிற் பழமையானது. இருபதாம் நூற்றாண்டில் அதே கருத்து வேறு நாடுகளில் வேதியியலின் துணையோடு புத்துருவம் பெற்று, மேலைநாட்டில் மோட்டார் வண்டியாகவும் நம் நாட்டிற் பெரும்பாலும் படகாகவும் பயன்பட்டது. அப்புத்துருவம் நம்மை அடைந்தபோது பொருள் முந்தியது, விளக்கம் பிந்தியது.

திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குக் குருநகரும் மானிப்பாயும் சில மைல் தொலைவே. 1974இல் வளாகமாகத் தொடங்கி வளர்ந்த இந்நிறுவனத்துக்கு இன்று கிளிநொச்சியிற் பொறியியற் பீடமும் உண்டு. வரலாற்று மாணவர் முதிய படகுத் தொழிலாளரையும் கராச்சுத் தொழிலாளரையும் கண்டு, அவர்கள் வழங்கும் சொற்களையும் முறைகளையும் பதிவுசெய்யலாம். பொறியியல் மாணவர் அம்முறைகளுட் சரியானவற்றுக்குக் காரணமும் பிழையானவற்றுக்குத் திருத்தமும் எளிய தமிழில் எழுதலாம். தமிழ் மாணவர் இவ்விருவருக்கும் இடையே சொல் அமைத்துக் கொடுக்கலாம். கலைச்சொல்லாக்கம் நூலகத்தில் அமர்ந்து செய்யும் பணியாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. பிசின் இறுகுவதற்குள் தொழிலாளி வாயில் வரக்கூடிய சொல்லே நிலைக்கும் சொல்லாகும்.

உடைந்ததை மூடுவது எளிது, இணைப்பது அரிது. மூடிய இடம் ஓரிரு பருவங்களிற் கழன்றுவிடும். இணைப்பதற்கு உடைவின் முழு எல்லையையும் அறிந்து, நல்ல பகுதியையும் ஓரளவு அராவி, உரிய விகிதத்தில் உரியதைச் சேர்த்து, இறுகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். கல்விக்கும் கைத்தொழிலுக்கும் இடையே நம்மிடமுள்ள பிளவும் இவ்வாறே சீர்செய்யப்படவேண்டியதாகும்.